தங்கசாலை வட்டாரத்தில் மூன்று தலைமுறையாக ஒரு வாத்தியக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடை வட சென்னையில், தங்கசாலைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. வாத்தியம் வாங்க வருவோரும், பழுது பார்க்கக் கொடுப்போரும், கல்லூரியிலிருந்து குறிப்பெடுக்க வரும் மாணவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். வேலைக்கு நடுவே அவசரமாகச் சொல்லும் பதில்கள் எனக்கு நிறைவளிக்காததால், அவற்றை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். எழுதும் நான், கடையைத் தொடங்கியவரின் பேத்தி.

கடையைத் தொடங்கியவர் ஒரு இசைக் கலைஞரா?

இல்லை. என் தாத்தா தச்சர். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்கு மரவேலை செய்து கை பழகியவர். மாலை நேரங்களில் வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகைக்குப் போய், மேடைப் பலகை அடிப்பதும் சீன் சட்டங்களைச் செப்பனிடுவதுமாக இன்னொரு வருமானம் தேடிக்கொண்டார். அங்கே ஒரு நாள் நாடகம் தொடங்கும் நேரத்தில் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துவிட, தாத்தா தம்மிடமிருந்த வச்சிரப் பசையைக் காய்ச்சி, ஒரு பழைய தோல் பையை வெட்டி ஒட்டிக் கொடுத்தாராம். அன்றைய நாடகம் நடந்தது. அடுத்த வாரமே வேறொரு குழுவின் ஆர்மோனியம் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. அதற்கடுத்த மாதம் வாசலில் இடமில்லாமல், சந்து முனையில் ஒரு பலகைக் கடையை வாடகைக்குப் பிடித்தார்.

முதல் சில ஆண்டுகளில் அந்தக் கடையில் விற்பனைக்கென்று ஒரு பொருளும் இருந்ததில்லை. பழுது பார்க்கும் கூடமாகத்தான் அது தொடங்கியது, இன்றும் அதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கடையின் வரலாற்றைக் கேட்பவர்கள் எதை எப்போது விற்றோம் என்று கேட்கிறார்கள். யாருடைய எந்த வாத்தியம் எந்தக் கோளாறோடு வந்தது என்று கேட்டால்தான் அந்த வரலாறு சரியாகப் பிடிபடும்.

நாடகக் குழுக்களுக்கு ஆர்மோனியம் ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது?

ஒலிபெருக்கி வராத காலத்தில் நாடக நடிகர் பாடுவது கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்டாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் மிக உயர்ந்த சுருதியில் பாடியதற்குப் பின்னால் அந்தத் தேவையும் இருந்தது. அப்படிப் பாடும் குரலுக்குக் கீழே தளராமல் நிற்கக்கூடிய, ஒரே ஆள் வாசிக்கக்கூடிய, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய வாத்தியம் ஆர்மோனியம் ஒன்றுதான். பாரிஸ் நகரத்தில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் உரிமம் பெற்ற ஆர்மோனியம் காலால் மிதித்துக் காற்றடைக்கும் கனமான பெட்டி. கொல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-இல் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை இழுத்து மறு கையால் வாசிக்கும்படி மாற்றினார். தரையில் உட்கார்ந்து பாடும் நம் மரபுக்கு அது பொருந்திப் போயிற்று.

உள்ளே ஒலி எழுப்புவது பித்தளை நாக்குகள், அதாவது ரீடுகள். நெடுங்காலமாகக் குஜராத்தின் பாலிதானாவிலிருந்து வரும் ரீடுகளுக்குத் தொழிலில் நல்ல பெயர் உண்டு. ஒரு ரீடு சுருதியில் இறங்கியிருந்தால் அதன் நுனியை மிக மெல்லியதாகச் சுரண்ட வேண்டும். எடை குறைந்து அதிர்வு வேகமெடுக்கும், சுருதி ஏறும். ஏறியிருந்தால் அடிப்பகுதியைச் சுரண்ட வேண்டும். விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் ஒரு தடவை கூடுதலாகச் சுரண்டிவிட்டால் உலோகத்தைத் திரும்பவும் சேர்க்க முடியாது என்பதால், என் தந்தை எனக்கு இரண்டு ஆண்டுகள் வரை சுரண்டியைக் கையிலேயே தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க மட்டும் சொன்னார். அவரை நாங்கள் நைனா என்றே அழைப்போம்; வட சென்னையில் பல வீடுகளில் அதுதான் வழக்கம்.

வானொலியில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது கடையைப் பாதித்ததா?

அகில இந்திய வானொலி 1940 மார்ச் மாதம் முதல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. அந்த விலக்கு 1971 வரை நீடித்து, அதன் பிறகே படிப்படியாகத் தளர்ந்தது. ஆர்மோனியத்தின் சுரங்கள் முன்கூட்டியே நிறுத்தப்பட்டவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாது, ஆகவே கமகம் என்னும் சுர அசைவு பிறக்காது என்பது வைக்கப்பட்ட வாதங்களில் முதன்மையானது. அந்த வாதத்தில் உண்மை உண்டு. தோடி ராகத்தை ஆர்மோனியத்தில் வாசிக்கக் கேட்டவர்களுக்கு அது புரியும்.

ஆனால் வானொலியின் முடிவு பஜனை மடங்களையும் நாடகக் கொட்டகைகளையும் தொடவில்லை. தாத்தாவின் வாடிக்கையாளர்கள் யாருமே வானொலியில் பாடுகிறவர்கள் அல்லர். கடைக்கு உண்மையான அடி விழுந்தது 1942 ஏப்ரலில்தான். ஜப்பானியப் படை தாக்கும் என்ற அச்சத்தில் சென்னை நகரமே காலியானபோது நாடகக் குழுக்கள் கலைந்து ஊர்களுக்குப் போயின. எடுத்துச் செல்ல முடியாத வாத்தியங்களைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தாத்தா போகவில்லை. அந்தப் பெட்டிகளுக்குக் காவலாகத் தங்கிவிட்டார்.

இசை என்றால் மயிலாப்பூர் அல்லவா? வட சென்னையில் வாத்தியக் கடைக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. சபாக்கள் தெற்கே நகர்வதற்கு முன் இந்த நகரத்தின் இசை வாழ்ந்த இடம் இதுதான்.

தியாகராஜ சுவாமிகள் சென்னைக்கு வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில். அவர் திருவொற்றியூர் திரிபுரசுந்தரி அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்தது முத்தியாலுப்பேட்டையில். வீணை தனம்மாள் 1867-இல் பிறந்ததும் ஜார்ஜ் டவுனில்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசித்த வீணையைக் கேட்பதற்கென்றே இசைவாணர்கள் கூடினார்கள். அரண்மனைக்காரத் தெருவின் கோகலே மண்டபமும், கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் சௌந்தர்ய மகாலும் கச்சேரிகள் நடந்த கூடங்கள். எங்கள் கடையிலிருந்து இந்த ஜார்ஜ் டவுன் தெருக்கள் எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயலின் கர்நாடக இசைக்குள் நுழைந்த வழியில் மணலிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் தொழிற்சாலைப் புகைதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். அந்தக் காலத்தில்தான் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்கு ஏற்றவாறு பழக்கினார். ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு முத்துசாமி தீட்சிதர் இயற்றிய நோட்டு சுர சாகித்தியங்களும் அந்தச் சூழலின் விளைச்சல்தான். எங்கள் கடைக்கு வில் மயிர் மாற்ற வரும் வயலின் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

கடைக்கு யார் யார் வருகிறார்கள்?

சௌகார்பேட்டையின் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தாத்தா காலத்திலிருந்தே பஜனைக்கு ஆர்மோனியமும் டோலக்கும் தாளமும் வாங்குகிறார்கள். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிடாரையும் டிரம்பெட்டையும் கொண்டுவந்தன. ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களும் கிறிஸ்துமஸும் நெருங்கும்போது நைனாவுக்குத் தூக்கம் இருக்காது. அந்தக் குடும்பங்களில் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. போகுமுன் விற்ற கிடார்கள் சில இன்னும் இந்தப் பகுதியின் தேவாலயங்களில் ஒலிக்கின்றன. மண்ணடியிலிருந்து இஸ்லாமியப் பாடல் குழுக்களுக்காக டேப் என்னும் கைப்பறை வாங்க வருவார்கள்.

புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கத்துப் பேண்டு செட்டுக்காரர்கள் எங்கள் மிக நெருங்கிய வாடிக்கையாளர்கள். கிளாரினெட், டிரம்பெட், யூபோனியம், சைடு டிரம் என்று முழுக் குழுவையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு முகூர்த்த மாதத்துக்கு முன்னால் வருவார்கள். இந்தியாவில் பித்தளைப் பேண்டு வாத்தியங்கள் பெரும்பாலும் மீரட்டில் செய்யப்படுகின்றன. அவற்றின் நசுங்கலை எடுப்பது, வால்வுகளைக் கழற்றித் தேய்ப்பது, கசிவை அடைப்பது ஆகியவை இங்கே நடக்கும். தெருவில் நடந்துகொண்டே, வெயிலிலும் மழையிலும், நான்கு மணி நேரம் வாசிக்கும் கலைஞனின் வாத்தியம் மேடையில் உட்கார்ந்து வாசிக்கப்படும் வாத்தியத்தைவிட வேகமாகத் தேய்கிறது. ஆகவே அவர்களுக்குக் கூலியில் எப்போதும் சலுகை உண்டு. இது தாத்தா வைத்த வழக்கம்.

கானா பாடுகிறவர்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இழவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருந்து, இறந்தவரைப் பாடி வழியனுப்பும் அந்தக் கலைக்கு ஒரு காலத்தில் வாத்தியம் என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. மேசை, பானை, தீப்பெட்டி எது கிடைத்தாலும் அதில் தாளம் பிறந்துவிடும். பிறகு டேப், டோலக், கட்டைகளை அழுத்திக் கம்பியை மீட்டும் புல்புல் தாரா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. புல்புல் தாராவின் கம்பி எங்கள் கடையில் எந்தக் காலத்திலும் தீர்ந்துபோனதில்லை. கானாப் பாடகர்களை மையமாகக் கொண்ட ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018-இல் பொதுமேடை ஏறிய பிறகு, வியாசர்பாடிப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து கடைக்குள் வந்து வாத்தியத்தை எடுத்து வாசித்துப் பார்ப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் அவர்கள் வாசற்படியில் நின்றுதான் விலை கேட்பார்கள். அப்படி நின்றதற்குக் காரணம் எங்கள் கடையும்தான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. கண்ணாடி அலமாரிகளை வாசலுக்கு நேராக வைத்தது நாங்கள்தான். இப்போது டேப்பும் டோலக்கும் முன்வரிசையில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன.

‘கட்டை’ என்று சொல்கிறீர்களே, அது என்ன கணக்கு?

ஆர்மோனியத்தின் விரற்கட்டைகளிலிருந்து வந்த சொல். ஒரு ஸ்தாயியின் முதல் வெள்ளைக் கட்டையில் ஆதார சட்ஜத்தை, அதாவது பாட்டின் அடிப்படையான ‘ச’வை, வைத்துக்கொண்டால் அது ஒரு கட்டை சுருதி. அடுத்த வெள்ளைக் கட்டை இரண்டு. இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. மேலைநாட்டு முறையில் ‘சி’ என்பது ஒரு கட்டை, ‘ஜி’ என்பது ஐந்து கட்டை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்பது கிடையாது. ஆண் பாடகர்களில் பலர் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்களில் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள்.

மிருதங்கம் வாங்க வருவோரிடம் யாருக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்று நாங்கள் முதலில் கேட்பது இதனால்தான். தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல நீளமுள்ள தக்கு மிருதங்கம். உயர்ந்த சுருதிக்கு 22 அங்குல ஹெச்சு மிருதங்கம். ஒன்றை மற்றதன் சுருதிக்கு வலிந்து இழுத்தால் தோல் சீக்கிரம் கிழியும்.

மிருதங்கத் தோல் வேலையை நீங்களே செய்கிறீர்களா?

இல்லை. பலா மரக் கட்டை பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும்; மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலை அறுத்து, மூட்டு அமைத்து, எருமைத் தோல் வார் பிடித்து, வலப்பக்க முகமான வலந்தலையில் சோற்றோடு கிட்டக்கல் பொடி சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கரணை என்னும் கறுப்பு வட்டத்தைப் போடும் வேலை, அதற்கென்றே வாழ்ந்த குடும்பங்களின் வேலை. தமிழகத்தில் இந்தக் கைவினைஞர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். ஒரு மிருதங்க வித்துவானின் ‘நாதம்’ என்று ரசிகர்கள் எதைக் கொண்டாடுகிறார்களோ அதில் சரிபாதி அந்த விரல்களில் பிறந்தது. ஆனாலும் கச்சேரி அழைப்பிதழில் அவர்கள் பெயர் வருவதில்லை. நெடுங்காலம் பல வீடுகளில் அவர்களை உள்ளேயும் விடவில்லை. தோல் இல்லாமல் வாத்தியம் இல்லை என்று தெரிந்தும், தோலைத் தொடுகிறவரைத் தள்ளி வைத்த அந்த முறையை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

எங்கள் கடைக்கு இப்போது இரண்டாம் தலைமுறையாக ஒருவர் வாரம் இருமுறை வந்து இந்த வேலையைச் செய்கிறார். வாடிக்கையாளர் அவரிடமே நேராகப் பேசலாம். கூலியை அவரே நிர்ணயிக்கிறார்.

கடையில் இசைத்தட்டும் கேசட்டும் விற்றீர்களா?

விற்றோம். தாத்தா காலத்தில் கிராமபோன் பழுது பார்ப்பதோடு ஊசிப் பெட்டிகளும் விற்கப்பட்டன. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டு. தட்டு தேயாமலிருக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும் என்பதால் ஊசி வியாபாரம் நிலையாக நடந்தது. பழைய தட்டுகளை நைனா மூர் மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கி வருவார். 1985-இல் அந்த மார்க்கெட் எரிந்த மறுநாள் அவர் சென்ட்ரலுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று கடை திறக்கவில்லை.

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963-இல் என்றாலும், எங்கள் பகுதிக்கு அது பெருமளவில் வந்தது பர்மா பஜார் வழியாக. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்ட பின் தாயகம் திரும்பிய தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அமைத்துக்கொண்ட அந்தக் கடை வரிசையில் ஜப்பானிய டேப் ரிக்கார்டர்கள் கிடைத்தன. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுப்பார். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டாக நாங்கள் பதிந்து தருவோம். அந்த வருமானத்தில்தான் என் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. அனுமதியின்றிப் படி எடுப்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதம். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய பங்கு அதில் சேரவில்லை. அன்று ஊரெங்கும் அப்படித்தான் நடந்தது என்பது ஒரு விளக்கம்தானே தவிர, சமாதானமாகாது. கணக்குப் புத்தகங்களைப் புரட்டும்போது அந்தப் பக்கங்கள் எனக்கு உறுத்துகின்றன.

மின்னணுக் கீபோர்டு வந்த பின் கடை எப்படி நிலைத்தது?

1980களிலிருந்து தேவாலயங்களும் மெல்லிசைக் குழுக்களும் கீபோர்டுக்கு மாறின. மின்னணுச் சுருதிப்பெட்டி வந்ததும் துருத்தி வைத்த சுருதிப்பெட்டியின் விற்பனை படுத்துவிட்டது. புதிய பொருளை விற்பதில் பெரிய கடைகளோடும் பின்னர் இணையத்தோடும் எங்களால் போட்டியிட முடியவில்லை. ஆனால் இணையத்தில் வாங்கிய கிடாரின் கம்பி பலகையிலிருந்து மிக உயரமாக இருந்து குழந்தையின் விரல் வெட்டுப்படும்போது, பெற்றோர் அதைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். இன்று எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி பழுது வேலையிலிருந்தே வருகிறது.

கடற்காற்று வாத்தியங்களைக் கெடுக்குமா?

கெடுக்கும். ராயபுரம், காசிமேடு பகுதிகளில் இரும்புக் கம்பி மற்ற இடங்களைவிட விரைவில் துருப்பிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மிருதங்கத் தோல் தளர்ந்து, ஆர்மோனியக் கட்டைகள் ஊதி இறுகும். கோடையில் வீணையின் மெழுகு இளகி, அதில் பதித்த உலோக மெட்டுகள் இடம் மாறும். வாசித்த பின் கம்பியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதும், வாத்தியத்தை உறையிலிட்டுச் சுவரை ஒட்டாமல் வைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். ஆர்மோனியத்தை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது காற்றடியுங்கள்.

ஒரு பெண் இந்தக் கடையை நடத்துவது புதிதா?

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதல் பெண் நான்தான். ஆனால் தாத்தா காலத்தில் துருத்தியின் அட்டையை மடித்து, ஓரத்தில் தோல் ஒட்டி, காற்றுக் கசிகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தவர் என் ஆயா, அதாவது பாட்டி. அந்த வேலையில் அவருக்கு இணையான கை இன்று வரை கடையில் இல்லை. அவர் வீட்டுக்குள்ளிருந்து செய்ததால் யாரும் அவரைக் கடைக்காரர் என்று சொல்லவில்லை.

கொரோனாக் காலத்தை எப்படிக் கடந்தீர்கள்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் திருமணமில்லை, திருவிழாவில்லை, ஊர்வலமில்லை. பேண்டுக் கலைஞர்களுக்கு ஒரே நாளில் வருமானம் நின்றது. பலர் வாத்தியத்தை விற்க வந்தார்கள். நைனா ஒன்றையும் விலைக்கு வாங்கவில்லை. முடிந்த தொகையைக் கொடுத்து, வாத்தியத்தைப் பெயர் எழுதிய சீட்டுடன் பரணில் வைத்தார். வட்டி எழுதவில்லை. பெரும்பாலானவை திரும்பிப் போய்விட்டன. நைனா அடுத்த ஆண்டு காலமானார். சீட்டுகளில் இருப்பது அவர் கையெழுத்து.

பழுதுக்குக் கொடுத்து எடுக்காமல் விட்ட வாத்தியங்கள் இருக்கின்றனவா? அவற்றை விற்பீர்களா?

இருக்கின்றன, விற்பதில்லை. 1942-இல் நாடகக் குழு ஒன்று ஒப்படைத்துப் போன, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் முதல், சென்ற ஆண்டு ஒரு மாணவர் விட்டுச் சென்ற முக்கால் அளவு வயலின் வரை, உள் அறையின் மூன்று தட்டுகளில் இருக்கின்றன. ஆடி மாதத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, கம்பிகளைத் தளர்த்தி, துருத்திகளுக்குக் காற்றடித்துத் திரும்ப வைக்கிறோம். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ எங்களிடம் ஏதாவது கொடுத்து வைத்ததாக வீட்டில் பேச்சிருந்தால் வந்து பாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை; பெட்டியின் நிறமோ, மூடியில் செதுக்கிய எழுத்தோ, உடைந்த கட்டையோ, ஏதேனும் ஓர் அடையாளம் சொன்னால் போதும். வாடகை கிடையாது. எழுத்து அழிந்துபோன பழைய சீட்டுகளைப் படிக்க நேரம் தேவைப்படுவதால், திங்கட்கிழமை காலையில் வந்தால் நல்லது.